வாங்குவோன் வினை

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குகின்றவன், அப்பொருளை ஆக்கும்பொழுது பிறிதோரிடத்தில் பிறிதொருவன் செய்த தீங்கிற்குப் பங்காளி ஆவானா என்னும் வினாவை, இக்காலத்துச் சுற்றுச்சூழல் அறிஞர் புதிதாகக் கண்டெடுத்தார் என்று எண்ணுவது பிழை. புலாலுண்ணலைப் பற்றிய வாதத்திலே நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதனை எடுத்து, இரு கட்சியாக நின்று நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். கொன்றவன் வேறு, தின்றவன் வேறு, சந்தையிலே கிடந்ததைக் காசு கொடுத்து வாங்கினவனுக்குக் கொலைப்பாவம் எங்ஙனம் சாரும் என்பது ஒரு கட்சி. உண்பாருடைய விருப்பமே விற்பாருக்குத் தொழிலாகிறது, அத்தொழிலே கொலையாகிறது, ஆதலின் வாங்குகின்றவனே மூலகாரணன் என்பது மற்றொரு கட்சி. திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்திலே இரண்டாவது கட்சியைத் தயக்கமின்றித் தழுவினார். மனுநூல் இன்னும் ஒரு படி சென்று, இசைவு தந்தவன், அறுத்தவன், கொன்றவன், விற்றவன், வாங்கியவன், சமைத்தவன், பரிமாறியவன், உண்டவன் ஆகிய அனைவரையும் கொலைஞர் என ஒரே வரிசையில் நிறுத்திற்று.

முதற் கட்சியைப் பௌத்தர் தலையில் ஏற்றிக் கண்டிப்பது நம் பழைய உரைகாரர் வழக்கம். அதில் ஓரளவு நியாயமுண்டு. முழு நியாயம் இல்லை. தனக்கென்றே கொல்லப்பட்டதாகக் கண்டதும் கேட்டதும் ஐயுற்றதும் இல்லாத ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்று பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலாகிய விநயம் விதித்தது உண்மையே. ஆயினும் அவ்விதி, ஒன்றையும் விலைக்கு வாங்காது, பாத்திரத்தில் இட்டதை இட்டவாறே ஏற்க வேண்டிய துறவிக்கு உரியது. கையில் பணம் வைத்துக்கொண்டு இது வேண்டும், அது வேண்டா என்று தெரிந்தெடுக்கும் இல்லறத்தான் அவ்விதியின் நிழலில் ஒதுங்க இயலாது. ஆயுதம், உயிர், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தை இல்லறத்தாருக்கு விலக்கியவரும் அதே புத்தபகவானே. இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துத் தீவகத்தைச் சேர்ந்த நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில், நடந்து செல்லும் தூரத்தில் நிற்கின்றன. குறிகட்டுவானிலிருந்து ஒரே படகில் வரும் யாத்திரிகர் கரையிறங்கியபின் இரு திசையாகப் பிரிகின்றனர். இவ்விரு சமயத்தாரும் வாதிட்ட வினாவை இன்று மீள எழுப்புவதற்குத் தீவகத்தினும் தக்க இடம் ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய வாதத்துக்கும் இன்றைய நிலைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஊன் வாங்கினவன் விரும்பினால் கொலைக்களத்தைப் போய்க் காணலாம். கொலையும் நுகர்ச்சியும் ஒரே ஊரில், ஒரே நாளில் நிகழ்ந்தன. இன்று ஒரு மூட்டை சீமெந்து வாங்குகின்றவன் எதனைக் காண்கிறான்? சுண்ணக்கல் அகழ்ந்த குழியையோ, ஆயிரத்து நானூறு பாகைக்கு மேல் எரியும் சூளையையோ, அச்சூளையின் நெருப்பிலிருந்தும் கல்லின் வயிற்றிலிருந்தும் ஒருங்கே வெளிப்படும் கரியமில வாயுவையோ அவன் காண்பதில்லை. உலகம் வெளிவிடும் அவ்வாயுவில் நூற்றில் ஏழு அல்லது எட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலொன்றினாலேயே உண்டாகிறது. 1950இல் தொடங்கி 1990இல் போரால் மூடுண்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய பள்ளங்கள் இன்றும் கீரிமலைப் பக்கத்திலே வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்க்காயினும் தம் வீட்டுச் சுவருக்கும் அப்பள்ளத்துக்கும் உள்ள சம்பந்தம் புலப்படக்கூடும். இப்போதோ மூட்டை வேறெங்கிருந்தோ வருகிறது. பள்ளமும் வேறெங்கோ இருக்கிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே கடலும் கப்பலும் வந்து நின்றுவிட்டமையால் வினை இல்லாதொழிந்ததென்று நாம் எண்ணிவிட்டோம்.

இம்மயக்கத்தைத் தெளிவாக உணர்ந்து எழுதிய தமிழர் ஒருவர் உண்டு. 1892இல் தஞ்சாவூரிலே கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, கணக்காய்வுத் தொழிலில் தேர்ந்து, பின்னர் காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த ஜே. சி. குமரப்பா, கடைவீதியில் கிடக்கும் ஒவ்வொரு பொருளுடனும் அதனை ஆக்கியவர் பட்ட துன்பமும் சேர்ந்தே கிடக்கிறதென்றும், வாங்குகின்றவன் அதனையும் சேர்த்தே வாங்குகிறானென்றும் விடாது வற்புறுத்தினார். வரவு செலவுப் புத்தகங்களைத் திருத்தியவர் ஆதலின், எந்தக் கணக்கில் எது எழுதப்படாமல் விடப்பட்டது என்பது அவர் கண்ணுக்கு எளிதில் தோன்றிற்றுப் போலும். காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து கதருக்கெனப் பொருள் சேர்த்தபோது நம்மவரிடம் கேட்டதும் இதுவே: இன்ன துணியை வாங்குக என்பதைத் தருமமாக அவர் கேட்டார்.

இனித் தீவகத்தின் இயல்பை நோக்குவோம். ஆறில்லாத, மலையில்லாத, சுண்ணக்கல்லும் முருகைக்கல்லுமாகிய இந்நிலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே தண்ணீர். அம்மழை கல்லின் துவாரங்களிலே இறங்கி, கீழே நிற்கும் உப்புநீரின்மேல் பாரம் குறைந்ததாய் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் உண்டு. மேலுள்ள அவ்வோரடியை நாம் இறைத்து ஒழித்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலெழும்பும். துலாவில் ஒருவர் மிதிக்க ஒருவர் பட்டை பிடித்து இறைத்த காலத்திலே உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. விசையை அழுத்தியதும் நாள் முழுவதும் இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒருவன் தன் வளவிலே தன் பணத்தில் வாங்கிப் பூட்டிய இயந்திரத்தினால் அயலவன் கிணறு சவராகிறது. அயலவன் மலக்குழியினால் இவன் கிணறு கெடுகிறது. சுன்னாகத்து மின்னிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளிலே கலந்ததும், அவ்வழக்கிலே 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு விதித்ததும் யாவரும் அறிந்தவை. வாங்குவோன் வினை எங்கோ தொலைவில் மறைந்துபோகிறது என்னும் கொள்கை, கிணற்றை நம்பி வாழும் ஊரிலே நிற்க மாட்டாது.

வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மனிதன் தன் ஆயுளில் வாங்கும் பொருள்களிலே மிகப் பெரியது அதுவே. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் பழைய நாற்சார் வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. தலைவாசலில் நுழைந்து திண்ணையைக் கடந்தால் நடுவே திறந்த முற்றம், அதனைச் சுற்றி நான்கு புறமும் தாழ்வாரம், பனங்கூரையும் ஓடும், முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர். பங்குனி வெயிலிலே அச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர்க்கு அதன் குளிர்ச்சி தெரியும். கூரைநீர் முற்றத்தில் விழுந்து, நிலத்துள் இறங்கி, வளவுக் கிணற்றுக்கே போய்ச் சேரும். நெடுந்தீவிலோ சாந்தும் இன்றி, கல்லின்மேல் கல்லை இசைவறிந்து அடுக்கிய வேலிகள் காணி காணியாக ஓடுகின்றன. விழுந்தால் அதே கல்லை எடுத்து மீண்டும் அடுக்கலாம்.

இவற்றைப் புகழும்போது உண்மையை மறைத்தல் தகாது. அச்சுண்ணாம்புக்காக முருகைக்கல்லைப் பெயர்த்து விறகிட்டுச் சுட்டனர். அதனாற் கடலுக்கும் மரத்துக்கும் கேடு உண்டாயிற்று. இன்று எல்லாரும் முருகைக்கல்லில் வீடு கட்டத் தொடங்கினால் கரையைக் காக்கும் பவளப் பார் ஒன்றும் எஞ்சாது. ஆயினும் சுண்ணாம்புச் சாந்து உலரும்போது, சூளையிலே தான் இழந்த வாயுவிற் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து மெல்ல மீட்டுக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அச்சுவர் நூறாண்டு நிற்கிறது. இடித்தால் கல்லும் மரமும் ஓடும் வேறொரு வீட்டுக்கு ஆகும். பழைய வீட்டின் பெருமை அதன் நீண்ட ஆயுளிலும் மறுபயனிலும் இருக்கிறது.

1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவகத்தார் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் குடியேறி, ஓயாது உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு பிறந்த மண்ணிலே வீடு கட்டுகின்றனர். அவ்வாசையைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை. இழந்த வளவிலே மீண்டும் ஒரு விளக்கு எரிய வேண்டுமென்பது இரக்கத்துக்கும் மரியாதைக்கும் உரிய விருப்பம். ஆனால் கட்டப்படும் வீடு எத்தகையது? சேதம் சிறிதேயான நாற்சார் வீட்டை இடித்து, தட்டையான கொங்கிறீற்றுக் கூரையும் பெரிய கண்ணாடி யன்னல்களும் வைத்து, அவற்றால் உள்ளே புகும் வெப்பத்தைப் போக்கக் குளிரூட்டியும் பூட்டி, முற்றத்துக்குச் சீமெந்திட்டு, மழைநீரை வீதிக்குத் தள்ளி, சுற்றிலும் மதில் எழுப்பி, திருவிழாவுக்கு வந்து சில வாரம் தங்கியபின் ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் பூட்டி வைக்கும் வீடாக அது இருக்கிறது. பனையோலை வேலி பழுதானால் அவ்வோலை தோட்டத்துக்கு எருவாயிற்று. மதில் பழுதானால் அது கிடங்கை நிரப்பத்தான் உதவும். இங்கே தவறியது அன்பன்று, விவேகம். வாழ்வார் இல்லாத வீட்டுக்காக வெட்டிய மணலும் சுட்ட கல்லும் எவருடைய சுகத்துக்கும் பயன்படாமல் வினையை மாத்திரம் விட்டுச் செல்கின்றன.

வாகனத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 1990க்குப் பின் குடாநாட்டிலே எரிபொருள் தடைப்பட்டபோது, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலிலே பஞ்சிட்டுச் சிறிதளவு எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கரவண்டியைச் சுழற்றி அதன் டைனமோவினால் வானொலிச் செய்தி கேட்டார்கள். அக்காலத்துச் சிக்கனத்தை இக்காலத்துச் சூழற்காவலுக்கு முன்மாதிரியாகப் போற்றுகின்றவர்களைக் கண்டிருக்கிறேன். அது சரியான போற்றுதல் அன்று. பிறன் கைப்பட்டுப் பறிபோனது துறவாகாது. பசித்தவன் உண்ணாதிருப்பது விரதமும் ஆகாது. தன் இசைவால் ஒன்றை விடுகின்றவனுக்கே விடுதல் தருமமாகும். அந்நாட்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: பழுதான பொருளைத் திருத்தி ஆளும் கைத்திறன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டபின், மின்சாரக் கார் வாங்கினால் பாவம் தீரும் என்னும் எண்ணம் வசதியுள்ளாரிடையே பரவியிருக்கிறது. வேலணையிலும் புங்குடுதீவிலும் உள்ள மின்கம்பி நாட்டின் பெருவலையோடு இணைந்தது; அவ்வலைக்குப் பெருவலிமை தருவது நுரைச்சோலையிலே நிலக்கரியை எரிக்கும் 900 மெகாவாட் நிலையம். ஆகவே புகைக்குழல் காரிலிருந்து நீங்கிப் புத்தளம் கரையிலே நிற்கிறது. புகை குறைகிறதென்பது மெய், தீர்ந்துவிடவில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப்பாலம் கடந்து பட்டணம் போய்வருகின்றவனுக்குப் பேருந்தோ, பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்தி ஓட்டுவதோ போதுமாயின், அதுவே புதுக்காரினும் குறைந்த வினை. நோயாளியை நள்ளிரவிலே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய குடும்பத்துக்குக் கார் அவசியம். அவர்கள் அதனை மனக்கிலேசமின்றி வாங்குக.

அன்றாடப் பொருளுக்கு வருவோம். உதயணன் என்னும் அரசன் புத்தரின் சீடராகிய ஆனந்தரை வினாவிய கதை பௌத்த விநயத்திலே உண்டு. ஐந்நூறு ஆடைகளைத் தானமாகப் பெற்ற ஆனந்தரை, இத்தனையும் எதற்கு என்று அரசன் கேட்டான். ஆடை கிழிந்தோர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார். கிழிந்தவற்றை என்செய்வீர்? மேல்விரிப்பாக்குவோம். அதன் பழையதை? மெத்தையுறையாக்குவோம். அதன் பழையதை? தரைவிரிப்பு, பின் கால்மிதி, பின் தூசிதுடைக்கும் துணி; அதுவும் நைந்தால் களிமண்ணோடு குழைத்துத் தரைக்குப் பூசுவோம் என்றார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடை ஈந்தான். பெறுவது பிழையன்று, பெற்றதன் இறுதிவரை உடன் செல்லாமையே பிழை என்பதனை இதனினும் நன்றாக விளக்கும் கதை வேறொன்றை நான் அறியேன்.

பனையோடு வாழ்ந்த தீவகத்தாருக்கு இவ்வொழுக்கம் கற்பிக்காமலே கைவந்திருந்தது. பனங்கட்டி வைக்கக் குட்டான், மா அவிக்க நீத்துப்பெட்டி, சந்தைக்குக் கடகம், மீனுக்கு உமல், கூழ் குடிக்கப் பிளா, படுக்கப் பாய். ஒவ்வொன்றும் நைந்தபின் அடுப்புக்கோ எருக்குழிக்கோ சென்றது. இன்று குறிகட்டுவான் துறையிலே நெடுந்தீவுப் படகு புறப்படுமுன் நின்று பார்த்தால், மாவும் சீனியும் வெங்காயமும் மாத்திரமன்றி, பிளாஸ்ரிக் கதிரையும் சோடாப் போத்தலும், சின்னஞ்சிறு பொதிகளில் அடைத்த சவர்க்காரத் தூளும் ஏறுவதைக் காணலாம். ஏறிச் சென்றவற்றின் மிச்சம் திரும்பி வருவதற்கு எந்தப் படகிலும் இடம் ஒதுக்கப்படவில்லை; அது பற்றைக்குள்ளும் கரையோரத்திலும் எரிந்தும் எரியாமலும் கிடந்து, பின்பு கடலுக்குப் போகிறது. 2017 செப்டெம்பரிலே மெல்லிய பொலித்தீனையும் சோறு கட்டும் பொலித்தீன் தாளையும் அரசாங்கம் தடைசெய்தது நன்று. ஆனால் சட்டம் விற்பவனைத்தான் பிடிக்கும். வாங்குவோனை அவன் மனச்சாட்சியே பிடிக்க வேண்டும்.

இவ்விடத்தில் சமய நோக்கில் ஓர் ஆபத்தைச் சொல்லாது விடலாகாது. பசுமையான பொருளையே வாங்குகிறேன் என்னும் எண்ணம், பிறரை இகழ்வதற்கு ஒரு மேடையாகிவிடக்கூடும். தேவையில்லாத பத்துப் பொருளைச் சூழலுக்கு ஏற்றவை என்னும் முத்திரை பார்த்து வாங்குகின்றவன், வெறும் பிளாஸ்ரிக் வாளியொன்றைப் பதினைந்து வருடம் ஒட்டி ஒட்டி ஆளும் ஏழைப் பெண்ணினும் தன்னை உயர்ந்தவனாக எண்ணுவானாயின், அவன் ஆணவத்துக்குப் புதிய உணவு தேடினான் என்பதே சைவசித்தாந்த நோக்கில் அமையும் தீர்ப்பு. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உயிருக்குக் கொடுத்தது, உயிர் அவற்றாற் பக்குவமடைவதற்கு என்பது அச்சித்தாந்தம். உடலும் உலகும் நுகர்பொருளும் இரவல், உடையவன் வேறு. இரவற்பொருளை ஆள்கின்றவன் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ள இடமில்லை. பழுதுபடாமல் திருப்பிக் கொடுக்கும் கடனே அவனுக்கு உண்டு. அவனுக்குப்பின் அதே இரவலுக்குக் காத்து நிற்கின்றவர்கள் இன்னும் பிறக்கவில்லை என்பதனால் அக்கடன் குறைவதும் இல்லை.

மணிபல்லவம் நயினாதீவே என்பது இத்தீவார் போற்றிவரும் கொள்கை. அங்கே தனியே விடப்பட்ட ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. உண்பிக்க ஓருயிரும் இல்லை. தனக்கு மட்டும் சோறு சுரக்கும் பாத்திரத்தை வைத்து வாழ விரும்பாமல், அதனைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான் என்று மணிமேகலையிலே சாத்தனார் பாடினார். வற்றாத வளம் கைக்கு வந்தபோதும் ஒருவன் கேட்ட முதல் வினா, இதனை யாரோடு பகிர்வது என்பது. நமக்கு வாய்த்ததோ வற்றும் வளம். அதே பாத்திரத்தின் பெயர் தாங்கிய அன்னதான மண்டபம் இன்று அம்மன் கோயிலிலே ஆனித் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிடுகிறது. அங்கே வாழையிலையில் உண்ணுகின்ற யாத்திரிகன் கையில் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் தீவிலேயே எறிந்துவிட்டுப் படகேறுவது, உண்ட சோற்றுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் மின்வலையோடு சேராதவை. டீசல் இயந்திரமே இதுவரை அவற்றுக்கு ஒளி தந்தது. இம்மூன்றுக்கும் இந்திய அரசின் கொடையாக, சூரியனிலிருந்து 1,700 கிலோவாட்டும் காற்றிலிருந்து 530 கிலோவாட்டும் பெற்று மின்கலங்களிலே சேமித்து வழங்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எழுவைதீவிலே இத்தகைய கலப்புமுறை மின்சாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இதனை மனமார வரவேற்கிறேன். வரும் மின்சாரத்தைக் கொண்டு நெடுந்தீவார் மீனுக்குப் பனிக்கட்டியும் பிள்ளைகளுக்கு விளக்கும் பெறுவார்களாயின் அது பெரும் புண்ணியம்; அதே மின்சாரம் ஒவ்வொரு கிணற்றிலும் நீரிறைக்கும் இயந்திரமாக இறங்குமாயின், ஓரடிக்கு நாற்பதடியாக உப்பு ஏறும் என்னும் விதி காற்றாலையின் மின்சாரத்துக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாது.

ஆகவே தீவகத்துக் கோயில்களின் தருமகர்த்தாக்களிடத்தும், வெளிநாடுகளிலே ஊர்ப்பெயரால் இயங்கும் சங்கங்களிடத்தும் ஒரு விண்ணப்பம் உண்டு. கும்பாபிஷேகத்துக்கும் புதிய மண்டபத்துக்கும் சேரும் பணத்திலே ஒரு பங்கைத் தூர்ந்துபோன கேணிகளையும் குளங்களையும் வாருவதற்கு ஒதுக்குங்கள். மாரிமழை நிலத்துள் இறங்கும் வாயில்கள் அவையே. பழைய நாற்சார் வீட்டை இடிக்க எண்ணுகின்றவரிடம் ஒரு மேசனை முதலில் அனுப்பிச் சுவரையும் வளையையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு நீற்றிச் சாந்து குழைக்கத் தெரிந்த முதியவர்கள் ஊரில் எஞ்சியிருப்பின், கூலி கொடுத்து, அவர்களுக்குக் கீழே இளைஞர் சிலரைப் பழக விடுங்கள். வருகிற மாரிக்கு முன்னரே இதனைத் தொடங்கலாம்.